கணவனும் மனைவியுமாக மிஷனரிப் பணிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். 1998 முதல் 2019 வரை மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் கோண்டு பழங்குடி மக்கள் நடுவே மிஷனரிகளாக இருந்தோம். போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஊர் திரும்பியபின் மலையில் உள்ள சபைகளிலிருந்தும் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கமிருந்தும் இளம் தம்பதிகள் எங்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை எழுதி வைத்தேன். ஆண்கள் திண்ணையில் இவரிடம் கேட்டதும் பெண்கள் அடுப்படிக்கு வந்து மெதுவாக என்னிடம் கேட்டதும் இதில் கலந்திருக்கின்றன.

கடவுள் மிஷனரிப் பணிக்குக் கூப்பிடுவதை அழைப்பு என்கிறார்களே, அது வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்வென்ஷன் கூட்டத்து மேடையில், மிஷனரியாகப் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னார்கள், தூக்கிவிட்டோம் என்று பலர் வருகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், இவருக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு வருடம் கழித்தும் அந்தப் பாரம் நெஞ்சில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் யாரிடமாவது உங்கள் விசுவாசத்தைப் பற்றி நிதானமாகப் பேசியிருக்கிறீர்களா? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் சேகர குருவானவரும் சபை மூப்பர்களும் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அனுப்புகிற எந்த சங்கமும் சபையின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கும். அந்தக் கடிதத்தை எழுதும்போது உங்கள் குருவானவரின் பேனா தயங்கினால் ஏன் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு அழைப்பு இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நான் என்ன செய்ய?

அடுப்படியில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். என் பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள்.

'பெண்டாட்டி கூடவே வருவாள்' என்று முடிவு கட்டிவிட்டு விண்ணப்பம் போடுகிற ஆண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நொந்துபோகும். எங்கள் கதையையே சொல்கிறேன். 1993-ல் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இவர் விஷயத்தைச் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோய்விட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. மூன்று வருடம் லாரிதான் ஓட்டினார்.

அந்த மூன்றாம் வருடம் என் வகுப்பில் நம் மலைப் பழங்குடியான பளியர் இனத்துப் பெண் பிள்ளை ஒன்று சேர்ந்தது. இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. மந்தமான பிள்ளை என்று எழுதி வைத்துவிட்டேன். ஒருநாள் மழைக்கு ஜன்னலைச் சாத்தும்போது வெளியே மரத்தில் தேன்கூடு தெரிந்தது. அதைக் காட்டி, "உங்க வீட்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியது. புகை போடுவது, கொடியைக் கட்டி இறங்குவது, எந்தப் பூவுக்கு எந்தத் தேன் என்று நிறுத்தாமல் சொன்னது. அதன் பேச்சு தமிழ்தான், ஆனால் நான் படித்துக்கொடுக்கிற தமிழ் அல்ல. அந்தப் பிள்ளையின் பேச்சில் நான்தான் மாணவி. மற்றவர் பேச்சைக் கற்றுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் உட்காருவதுதான் மிஷனரி வேலை என்றால் அதை நானும் செய்வேன் என்று அன்றைக்கு மனதில் பட்டது. இவருக்கு மேடையில் கிடைத்தது எனக்கு வகுப்பறையில் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் தங்கச்சி, காத்திருங்கள். தம்பி, நீங்களும் காத்திருங்கள். அழைத்தவர் உங்கள் மனைவியையும் அறிந்தவர்தானே?

வேதத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா?

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள், ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டு கொரிந்துவுக்கு வந்தவர்கள். அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரை வீட்டுக்கு அழைத்து, மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிச் சொன்னது இரண்டு பேருமாகத்தான் என்று அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ரோமர் 16-ல் பவுல் வாழ்த்துச் சொல்லும்போது மனைவியின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார். நான் இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். கால்டுவெல் ஐயரை எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி எலைசா அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? நாகர்கோவிலில் பணிசெய்த மால்ட் ஐயரின் மகள் அவர். 1844-ல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்தார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அந்தத் தேரிக்காட்டுப் பெண்களின் கையில் கூலிக் காசு வரச் செய்தார். பெண்களின் கையில் காசும் எழுத்தும் இல்லாமல் அந்த ஊர் மாறியிருக்குமா? அதேபோல, இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் அசரியா 1909-ல் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனபோது அவர் மனைவி அன்பு மரியம்மாளும் அந்த வேலையில் இறங்கினார். இந்த அம்மாமார்களின் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பலாமா?

வேண்டாம். ஒரு வருடமாவது ஒரே கூரையின் கீழ் இருந்து சண்டை போட்டு சமாதானமாகப் பழகுங்கள். பணித்தளத்தில் பேச்சுத் துணைக்கு அம்மா வீடு பக்கத்தில் இருக்காது.

எவ்வளவு படித்திருக்க வேண்டும்? இறையியல் பட்டம் கட்டாயமா?

குருப்பட்டம் பெற்றுப் போதகராக விரும்பினால் செராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்பு தேவைப்படும். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி நமக்கு மலை இறங்கினால் எட்டுகிற தூரம். ஆனால் மிஷனரியாகப் போக அந்தப் பட்டம் வேண்டும் என்பதில்லை. இவர் பத்தாம் வகுப்பு. லாரி என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை மண்ட்லாவில் எத்தனை பம்புசெட்டுகளை ஓட வைத்தது! நர்ஸ், தையல், எலக்ட்ரிக்கல் வேலை, விவசாயம் என்று கையில் இருக்கிற தொழிலை விட்டுவிடாதீர்கள். கணவருக்கு ஒரு தொழில் இருப்பதுபோல மனைவிக்கும் ஒன்று இருக்கட்டும்.

யார் அனுப்புவார்கள்?

தமிழ் மக்கள் இதில் முன்னோடிகள். திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் 1903-ல் தொடங்கியது. 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானது. இரண்டிலும் அசரியாவின் கை இருந்தது. அப்புறம் இந்திய நற்செய்திப் பணி என்ற இயக்கம் 1965-ல் வந்தது. நண்பர் ஜெபக்குழுவாகத் தொடங்கிய இளைஞர்கள் பின்னால் மிஷனரி இயக்கமாகி, வட மாநிலங்களுக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்களை அனுப்பினார்கள். இன்னும் பல சிறிய சங்கங்கள் உண்டு. எதில் சேர்ந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வரவுசெலவுக் கணக்கை வருடா வருடம் காட்டுகிறார்களா, ஏற்கெனவே பணித்தளத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தோடு உங்களைப் பேச விடுவார்களா, நேர்காணலில் மனைவியையும் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்களா.

மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் முதலில் போன ஒரு நேர்காணலில் இவரிடம் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்னிடம் கேட்டது, "உங்களுக்கு வெயில் ஒத்துக்குமா, சப்பாத்தி சுடத் தெரியுமா?" அத்தோடு முடிந்தது. வெளியே வந்ததும் இவரே சொன்னார், "இவங்க வேண்டாம்மா." அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் மண்ட்லா வரை போயிருப்பேன்.

பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். நாங்கள் படித்தது பத்து மாதம். காலையில் வேதபாடம், அப்புறம் மானிடவியல், மொழி கற்கும் முறை, ஒலியியல். மத்தியானம் முதலுதவி, கணக்கு எழுதுவது, அறிக்கை எழுதுவது. இடையில் ஒரு மாதம் முன்பின் தெரியாத கிராமத்தில் போய்த் தங்க வேண்டும்.

இதில் ஒலியியலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழர்களான நமக்கு இடறுகிற இடம் அதுதான். நம் எழுத்தில் க என்பது ஒன்றே ஒன்று. இந்தியில் நான்கு. நாம் கானா என்று எழுதுகிற இரண்டு எழுத்துக்குள் அங்கே மூன்று சொற்கள் இருக்கின்றன: ஒன்று சாப்பாடு, ஒன்று பாட்டு, ஒன்று ஒற்றைக்கண்ணன். எங்கள் ஆசிரியை ஆளுக்கு ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து உதட்டுக்கு முன்னால் நாலு விரல் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். சாப்பாடு என்ற சொல்லைச் சொன்னால் மூச்சு வந்து தாள் ஆட வேண்டும். ஒற்றைக்கண்ணனைச் சொன்னால் ஆடக் கூடாது. பாட்டைச் சொல்லும்போது தாளை விட்டுவிட்டுத் தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பார்க்க வேண்டும். மூன்று வாரம் ராத்திரியில் நாங்கள் இரண்டு பேரும் லாந்தர் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பத்து நாளில் வந்துவிட்டது, இவருக்கு மூன்றாவது வாரம்தான் தாள் ஆடியது. அப்போது இவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பாடக் குறிப்பு, நோட்டு எல்லாம் குடும்பத்துக்கு ஒன்று என்றுதான் கொடுத்தார்கள். அது கணவர் கையில் போகும். நான் ராத்திரியில் பழைய பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் படியெடுத்தேன். கூட இருந்த ஐந்து மனைவிமாரில் இருவர் அந்தச் சிரமத்தால் பாதியிலேயே வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் நல்ல புத்திசாலிகள்.

சம்பளம் எவ்வளவு? அது போதுமா?

சம்பளம் என்று சொல்வதில்லை, தாங்குதல் என்பார்கள். சங்கத்துக்குச் சங்கம் மாறும். சிக்கனமாக இருந்தால் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் போதும், சேமிக்க மிஞ்சாது. போவதற்கு முன்னால் கடனை அடைத்துவிடுங்கள், நகையை அடகில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மருத்துவச் செலவுக்கு ஏற்பாடு உண்டா, வயதான காலத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். அறுப்பின் பண்டிகையில் மேல்மலைச் சனங்கள் படைக்கும் ஒரு கூடைப் பூண்டு, ஒரு சாக்கு கேரட், ஒரு தார் மலைவாழை ஏலம் போய் வருகிற பணம் அது. சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைக்கிற அம்மாக்களின் அரிசி அது. மாதம் தவறாமல் அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள், நல்லது கெட்டது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு?

இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் ஹைகிளர்க் பள்ளியைத் தொடங்கியது இந்தக் கவலையினால்தான். சமவெளியில் வேலை, மலையில் பிள்ளைகள். இன்றைக்கு அது சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. இந்திய மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று சங்கங்கள் விடுதிகள் நடத்துகின்றன.

எங்கள் மகளை மூன்றாம் வகுப்பில் விடுதியில் விட்டோம். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஊரிலிருந்து சைக்கிளில் போய் எஸ்டிடி பூத்தில் காத்திருப்போம். மீட்டரில் சிவப்பு எண் ஓடும். மூன்று நிமிடம் ஆனதும் அவளே, "அம்மா, காசு ஓடுது, வைக்கட்டுமா?" என்பாள். எட்டு வயது. போனை வைத்துவிட்டு நான் பூத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். இன்றைக்கு அவள் நன்றாக இருக்கிறாள், எங்களோடு அன்பாக இருக்கிறாள். ஆனாலும் அந்த வருடங்களைத் திரும்ப வாழக் கொடுத்தால் ஐந்தாம் வகுப்பு வரையாவது அவளை எங்களோடு உள்ளூர்ப் பள்ளியிலேயே வைத்திருப்பேன். உங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். விடுதிதான் வழி என்றால், முதலில் நீங்கள் இரண்டு நாள் அங்கே போய்த் தங்கி, வார்டன் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார் என்று காதால் கேட்டுவிட்டு வாருங்கள்.

பெற்றோர் சம்மதிக்கவில்லையே?

என் மாமியார் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. எதிர்த்து வாதாடாதீர்கள். அவர்களுக்கு யார் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள், விசேஷத்துக்கு யார் நிற்பார்கள் என்பதற்குத் தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள். அத்தை கடைசியில் ஒரு சாக்கில் பூண்டும் காப்பிக்கொட்டையும் கட்டிக்கொடுத்துதான் அனுப்பினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பயப்பட வேண்டுமா?

தெரிந்துகொண்டு போக வேண்டும். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்கள் வந்தன. மத்தியப் பிரதேசத்தில் இப்போது நடப்பது 2021-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி மதம் மாற விரும்புகிறவரும் சடங்கை நடத்துகிறவரும் 60 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் தமிழ்நாட்டிலும் 2002-ல் ஒரு சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் போகிற மாநிலத்தின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள்.

சட்டத்துக்கு அப்பாற்பட்டும் ஒன்று. மருந்து கொடுக்கும்போதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதும் 'எங்களோடு வந்தால்தான்' என்ற பேச்சே வரக் கூடாது. காசையோ அரிசியையோ காட்டி ஒருவரின் விசுவாசத்தை வாங்குவது பாவம். அப்படி நடக்கிற இடத்தில் சேராதீர்கள்.

முதல் வருடம் அங்கே என்ன செய்ய வேண்டும்?

கேட்க வேண்டும். பிரசங்கம் வேண்டாம். நாங்கள் போன ஊரில் வெளியே இந்தி, பெரியவர்கள் வீட்டுக்குள் கோண்டி. முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி என் கண்ணைத் தொட்டு "கண்" என்றார், கையைப் பிடித்து "கை" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். கோண்டியும் தமிழும் ஒரு குடும்பம் என்று கால்டுவெல் 1856-லேயே தன் ஒப்பிலக்கணத்தில் எழுதியிருக்கிறார். அவர் 1891 ஆகஸ்ட் 28-ல் கண்மூடியது நம் கொடைக்கானலில்தான். புத்தகத்தில் இருந்த உறவு அந்தப் பாட்டியின் விரலில் இருந்தது.

சாப்பாடும் அப்படித்தான். அவர்கள் கோதோ என்பது நம் வரகு, குட்கி என்பது சாமை. அதில் காய்ச்சுகிற பேஜ் நம் கூழ். மஹுவா மரம் நம் இலுப்பையின் இனம். பங்குனி, சித்திரையில் விடிவதற்கு முன்னால் பெண்கள் கூடையோடு பூப்பொறுக்கப் போவார்கள். நானும் போனேன். இரண்டாவது கோடையில் அந்த மரத்தடியில்தான் ஒரு பெண் முதல்முறையாக, "நீ ஏன் உன் ஊரை விட்டு வந்தாய்?" என்று கேட்டாள். நாங்களாகச் சொல்லாமல், அவர்களாகக் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் அத்தனை பயிற்சியும்.

இவர் போக முடியாத இடம் அந்த மரத்தடி. பூப்பொறுக்கும் பெண்கள் நடுவே ஓர் ஆண் போய் உட்கார முடியுமா?

பாதியில் திரும்பி வந்துவிட்டால்?

வாருங்கள், வீடு இருக்கிறது. மலேரியா, மனச்சோர்வு, பெற்றோரின் நோய், சங்கத்தோடு ஒத்துப்போகாமை என்று காரணங்கள் உண்டு. திரும்பி வந்த தம்பதிகளைச் சில சபைகளில் குற்றவாளிகளைப் போலப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். ஆறு மாதம் அவர்களிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்காமல், சாட்சி சொல்லவும் கூப்பிடாமல், சாப்பிடக் கூப்பிடுங்கள்.

உங்களை வந்து பார்க்கலாமா?

தாராளமாக. இரண்டு பேருமாக வாருங்கள், பிள்ளையிருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். தனியாக வருகிற ஆண்களை இவர் காப்பி கொடுத்து, மனைவியோடு இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவார். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், அதனால் காலை பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள். வரும்போது நோட்டு கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒன்று.